நீ மேசையில் கவிழ்த்து வைத்த மைக்

மச்சான்,

இன்று காலை அலுமாரிக்கு மேலிருந்த மைக் பெட்டியை இறக்கித் திறந்தேன். கராம்பு வாசம் குப்பென்று வந்தது. மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் பஞ்சு உறையில் உன் வாய் இன்னும் இருக்கிறது. போட்டி தொடங்கும் முன் ஒரு கராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாயே, அதுதான். "ஊத்தை பிடிச்சுக் கிடக்கு, கழுவி வெயிலிலை போடுங்கோ" என்றாள் மனைவி. நான் பெட்டியை மூடிவிட்டேன். கழுவ மனம் வரவில்லை.

எதற்கு இறக்கினாய் என்று கேட்பாய். இத்தாலித் தமிழர் கழகங்களின் வெற்றிக்கிண்ணம் இந்த வருடமும் தொடங்குகிறது. முதல் சுற்று நம் பலேர்மோவில். "அண்ணை, இந்தமுறை நீங்கள்தான் மைக் பிடிக்க வேணும்" என்று கழகத்துப் பெடியள் வந்து நிற்கிறார்கள். என்னை உனக்குத் தெரியும். தொலைபேசியில் "ஓம், ஓம், சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறவன். நாலு பேருக்கு முன்னால் நன்றி சொல்லக்கூட எனக்கு நாக்கு எழாது. அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மைக் என் வீட்டில் இருப்பதால் அறிவிப்பாளனும் நானே என்று முடிவு செய்துவிட்டார்கள்.

உன்னிடம் நான் கேட்க வேண்டியவை இரண்டு இருந்தன. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் சொன்னது உனக்குக் கேட்டதா என்பது ஒன்று. அப்போது நீ என்ன வேண்டும் என்று கையைத் தூக்கினாய் என்பது மற்றது. நீ போன நாளிலிருந்து இந்த இரண்டையும்தான் மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான்.

உன் குரலை யாரிடமாவது சொல்லிப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலில் உன் மௌனத்தைச் சொல்ல வேண்டும். கிழமை முழுக்க நீ பகேரியாவில் அந்தச் சின்யோராவின் பழைய வீட்டில் வேலை செய்தாய். விடிய ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறுவாய், பொழுதுபட இறங்குவாய். அந்த அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. பாத்திரம் பாத்திரத்தில் பட்டால் உள்ளே இருந்து "பியானோ, பியானோ" என்று குரல் வரும், மெதுவாக, மெதுவாக என்று. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்துதான் அந்த வீட்டைத் துடைத்தாய். நான் பகலில் அழைத்தால் கள்ளன் கதைப்பதுபோலக் கதைப்பாய். "பிறகு எடுக்கிறன், மனிசி படுத்திருக்கு" என்பாய். அப்படி அடக்கி வைத்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மைக் வழியாக வெடிக்கும்.

மன்னாரில் உங்கள் கோயில் திருநாள் போட்டிகளுக்கு அறிவித்துப் பழகிய தமிழ் அது. வீட்டில் ஒருவரும் அப்படிக் கதைக்கமாட்டார்கள். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! இதோ, பருத்தித்துறை தந்த சூறாவளி தேவன் பந்தோடு புறப்பட்டுவிட்டார்!" என்று நீ முழங்குவாய். சூறாவளி அப்போதே தொந்தி வைத்திருந்தது. நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் எனக்கு இரைக்கும். "சூறாவளிக்கு மூச்சு வாங்குது, ஆராவது தண்ணி குடுங்கோ" என்று என் மனைவியே கத்துவாள். ஆனால் உன் குரல் கேட்டதும் கால் தானாக ஓடும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உன் மைக்கில் என் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே நான் அத்தனை வயதுக்கு மேலும் விளையாடினேன்.

உன்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. மைக்கைச் சரி பார்க்க மற்றவர்கள் போல ஹலோ ஹலோ என்று நீ சொன்னதில்லை. என்னை மைதானத்தின் அந்தத் தொங்கலுக்கு, தூரத்து மூலைக் கொடிக்கு அனுப்புவாய். பிறகு மெல்லிய குரலில், பக்கத்தில் நிற்கிறவனிடம் கேட்பதுபோல, "தேவன், கேக்குதோ?" என்பாய். கேட்டால் நான் வலக்கையை நேராக மேலே தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து மறுபடியும் கேட்பாய். ஒருநாள் நான் அங்கிருந்து "ஓம், கேக்குது" என்று கத்தினேன். கிட்ட வந்ததும் ஏசினாய். "வாயாலை சொல்லாதை. காத்து கொண்டு போயிடும். கையைத் தூக்கு, அது போதும்."

அந்தக் காலத்தில் பங்குக் கோயில்களுக்கு இடையிலான லீக்கில் சிசிலிக்காரரோடுதான் நமக்கு விளையாட்டு. நீ முதலில் நல்ல இத்தாலியனில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வாய். பிறகு தமிழுக்கு மாறுவாய். "அந்த மொட்டை மனிசன் களைச்சுப் போனார் அன்பர்களே, அவரின்ரை பக்கத்தாலை போங்கோ! கோலி முன்னுக்கு வந்து நிக்கிறார், மேலாலை தூக்கிப் போடுங்கோ!" எதிரணிக்கு ஒரு சொல்லும் விளங்காது. பங்குத் தந்தை கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என்ன அழகான குரல், இது செபமா என்று உன்னிடம் விசாரித்தார். ஓம் சுவாமி, ஒருவகைச் செபம்தான் என்று நீ கூசாமல் சொன்னாய். அந்தச் செபத்தால் நாம் எத்தனையோ ஆட்டம் வென்றோம்.

பிறகுதான் இந்த வெற்றிக்கிண்ணம் வந்தது. நாப்போலி, ரெஜ்ஜோ, பொலோஞ்ஞா, ஜெனோவா என்று எங்கெல்லாம் நம்மாட்கள் வீடு துடைக்கிறார்களோ அங்கெல்லாம் இருந்து கழகங்கள். விலகல் முறை. தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உனக்கு அது மிகவும் பிடித்தது. "லீக் எண்டால் பிழை விட்டாலும் அடுத்த கிழமை இருக்கு. இது ஒரு பிழை, ஒரு வருசம்" என்று பெருமையாகச் சொல்வாய். முதல் வருடம் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்தோம். இரண்டாவது வருடம் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அதுவும் சொந்த மண்ணில், நாப்போலியோடு.

சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்துக்குப் பக்கத்து மைதானம் உனக்கு நினைவிருக்கும். கோலுக்குப் பின்னால் மரங்களில் பிந்திய பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நாப்போலிப் பெடியள் கப்பலில் வந்து, அலையில் குடல் புரண்டு, முகமெல்லாம் வெளிறி இறங்கினார்கள். பாவமென்று உன் றீற்றாவும் மற்றப் பெண்களும் அவர்களை இருத்திச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தார்கள். "எதிரணிக்கு வயிறாரப் போட்டுட்டு விளையாடக் கூப்பிடுற ஒரே சனம் நாங்கள்தான்" என்று நீ சிரித்தாய். சாப்பிட்டு முடித்த கையோடு அவர்கள் நமக்கு ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் நாம் ஒன்றைத் திருப்பினோம். நீ தொண்டை கிழியக் கத்தினாய். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

சமநிலை தவிர்ப்பு உதை. மற்றவர்கள் பெனால்ரி என்பதை நீ அப்படித்தான் முழங்கினாய். அவர்கள் தங்கள் உதைகளை முடித்துவிட்டார்கள். நம்முடையதில் ஒன்றுதான் மீதி. நான் போட்டால் தொடரும், விட்டால் முடிந்தது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அப்போது உன் குரல் வந்தது.

"தேவன், கோலி இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்கிறான்! வலது மூலை! வலது மூலை!"

இத்தனை வருடச் சிசிலிப் பழக்கம், வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. எதிரே நிற்பவனும் தமிழன் என்பது உனக்கு அந்த நொடியில் மறந்துபோனது. நாப்போலிக் கோலி ஸ்பீக்கரை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். நான் வலது மூலைக்கு அடித்தேன். அவன் அங்கே எனக்கு முன்னரே போய்ப் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு மைக்கில் ஒரு சத்தமும் வரவில்லை. நாப்போலி ஆட்கள்கூட ஒழுங்காகக் கொண்டாடவில்லை. அந்தக் கோலி உன்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள் சொன்னது காதிலை விழுந்திட்டுது. நான் என்ன செய்ய?" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நீ அவன் தோளைத் தட்டி அனுப்பினாய். பிறகு மைக்கை மேசையில் கவிழ்த்து வைத்தாய். என்னைப் பார்க்காமல், "இது உன்னட்டைக் கிடக்கட்டும்" என்றாய். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்து வாங்கிவந்தேன்.

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் எல்லோரும் வீட்டுக்கு வந்து கெஞ்சியும் நீ மைக்கைத் தொடவில்லை. கோலுக்குப் பின்னால் மண்டரின் மரத்தடியில் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றாய். கிழமையெல்லாம் சின்யோரா வீட்டில் வாயை மூடியிருந்தவன் ஞாயிற்றுக்கிழமையும் மூடிக்கொண்டாய். எனக்கு அது பொறுக்கவில்லை மச்சான். தோற்றதைவிட அதுதான் வயிற்றை எரித்தது.

உண்மையை உன்னிடம் எத்தனை தரம் சொன்னேன்! எனக்கு ஒரு மூலைதான் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நான் பெனால்ரியை வலது மூலைக்கு மட்டும்தான் அடிப்பேன். இடப்பக்கம் அடித்தால் பந்து ஊருக்கு வெளியே போகும். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது அங்கேதான் போயிருக்கும். நீ கேட்டுவிட்டு, "நீ நல்லவன், அதாலை சொல்லுறாய்" என்று மட்டும் சொல்வாய். கழகத்து ஆட்களைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தேன். அவர்களை நான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்ததாக நினைத்தாய்.

அதற்குள் உன் குரல் கம்மத் தொடங்கியிருந்தது. சளி என்றாய். றீற்றா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். சளி என்றால் போய்விடும்தானே. தொண்டையில் வேறு ஒன்று வந்து குந்தியிருக்கிறது என்று தெரிந்தபோது வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார்கள். குரலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறையப் படித்தவர்கள் இருந்தும் அதை ஒன்றும் செய்ய ஏலவில்லை. நான் வாசலில் நின்றேன். அதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு போனில் தட்டித்தட்டிக் கதைப்பாய். முதன்முதலில் எனக்கு நீ தட்டிக் காட்டியது என்ன தெரியுமா? "வாயாலை செய்த பாவம், வாயிலையே வந்திட்டுது." எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன்னை இழுத்துக்கொண்டு அதே மைதானத்துக்குப் போனேன். உன்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் பந்தை வைத்து, "இப்ப பார், இடது மூலைக்கு அடிக்கிறன்" என்று அடித்தேன். பந்து தோட்டத்துக்குள் போனது. எடுத்துவந்து மறுபடியும் அடித்தேன், மறுபடியும் தோட்டத்துக்குள். தோட்டக்காரன் மரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசினான். வேர்த்து ஒழுகி, மூச்சு வாங்க உன்னிடம் வந்து, "இப்ப நம்புறியோ? எனக்கு அந்தப் பக்கம் வராது" என்றேன். நீ போனை நீட்டினாய். "நல்லா நடிக்கிறாய்" என்று இருந்தது.

அந்த மைதானத்தில் குந்தியிருந்து நான் அழுதேன். நீ தலையைத் தடவினாய். ஒருவனுக்கு உண்மையைச் சொல்லி அவன் நம்பாவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வது? உன்னிடம் காட்டுவதற்கு என்னிடம் வேறு கால் இல்லை.

கடைசிக் கிழமைகளில் போன் பிடிக்கவும் உன் விரலுக்குப் பலமில்லாமல் போனது. கண்ணும் திறப்பதில்லை. கேட்குமோ கேட்காதோ தெரியாது, ஆனால் கதையுங்கள் என்று வைத்தியர் றீற்றாவிடம் சொல்லியிருந்தார். அவள் உன் காதருகே செபமாலை சொன்னாள். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் வந்தபோது, "கொஞ்சம் இருங்கோ, கீழை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று போனாள். எனக்குச் செபமும் தெரியாது, தேவாரமும் ஒழுங்காக வராது. உன்னிடம் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை உன் பாணியில் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது.

கட்டிலின் கால்மாட்டில் நின்று அறிவிக்கத் தொடங்கினேன். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே. இதோ, பருத்தித்துறை தந்த சூறாவளி பந்தை வைக்கிறார். அவருக்கு வாழ்நாளில் ஒரேயொரு மூலைதான் தெரியும். அறிவிப்பாளர் வாய் திறக்காவிட்டாலும் பந்து அங்கேதான் போகும். அறிவிப்பாளரில் பிழையில்லை ரசிகர்களே. அவரில் ஒரு பிழையுமில்லை."

அப்போது நீ வலக்கையைத் தூக்கினாய். மெல்ல, ஆனால் நேராக.

நான் பதறிப்போனேன். "என்னடா? தண்ணியோ?" என்று பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். கை இறங்கியது. சரி, தண்ணீர்தான் என்று நினைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். மறுபடியும் கை மேலே வந்தது. ஜன்னலைத் திறந்தேன். மணியை அடித்தேன். தாதி ஓடிவந்து குழாய்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். தலையணையை உயர்த்தினேன். மாதா படத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நான் கதைக்கும்போதெல்லாம் கை மேலே வந்தது. குழாய் கழன்றுவிடுமே என்ற பயத்தில் கடைசியில் உன் கையைப் பிடித்து, மெல்லக் கீழே வைத்து, அதன்மேல் என் கையை வைத்து அமர்த்திக்கொண்டேன். "ஒண்டும் வேண்டாம், பேசாமல் படு" என்றேன். பிறகு நீ தூக்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் வேலை செய்யும் வீட்டில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது றீற்றா அழைத்தாள்.

அடக்கப் பூசையில் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் எனக்கு ஒரே யோசனை. ஒருவன் கடைசியாகக் கேட்டதை நான் கொடுக்கவில்லையே. வெட்கத்தை விட்டு றீற்றாவிடமும் விசாரித்தேன். "அவர் கை தூக்கின பக்கம் என்ன இருந்தது? என்ன வேணுமெண்டு கேட்டிருப்பார்?" அவளுக்கும் தெரியவில்லை. "தண்ணிப் போத்தல் இருந்தது. வேறை ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு அவளும் அழத் தொடங்கிவிட்டாள். நான் ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

இன்று காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சியாகுல்லிக்குப் போனேன். மைதானத்தில் ஒருவருமில்லை. காவல்காரக் கிழவர் மட்டும் தூரத்தில் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை நீ வைக்கும் இடத்தில் வைத்தேன். மைக்கை வாயருகே கொண்டுவந்தபோது கராம்பு மறுபடியும் மணத்தது. என்ன சொல்லிச் சரி பார்ப்பது? எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. உன் மாதிரியே மெல்லிய குரலில், "கேக்குதோ?" என்றேன்.

சத்தம் அந்தத் தொங்கல் மூலைக் கொடிவரை போனது. அங்கே ஆளில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் வலக்கை தன்பாட்டில் மேலே போனது. எத்தனை வருடப் பழக்கம். நானே கேட்டு, நானே கையைத் தூக்கிக்கொண்டு, வெறும் மைதானத்தில் ஒரு விசரனைப்போல நின்றேன்.

காவல்காரக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு வலையை விட்டுவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்தார். என்ன வேண்டும், தண்ணீரா என்று கேட்டார். சாவியா, மின்சாரம் வரவில்லையா, உடம்புக்கு ஏதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் உன் கட்டிலைச் சுற்றி ஓடி ஓடிக் கேட்டது போலவே கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது மச்சான். நீ ஒன்றும் கேட்கவில்லை. வாயால் சொல்ல உனக்கு வழியில்லை. நான் கால்மாட்டில் நின்று கத்தியது தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தக் கையைத்தான் நான் பிடித்துக் கீழே வைத்தேன்.

கிழவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நியெந்தே" என்றேன், ஒன்றும் வேண்டாம். அவர் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். எனக்குக் கையை இறக்க முடியவில்லை.